பெண்கள் வாசிக்க ஒரு நூற்பட்டியல்

நெய்வேலி நகரியத்தில் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் புத்தகக் கண்காட்சி 1998இல் தொடங்கியது. வட்டங்களில் வாழும் நம் குடும்பங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதற்குச் செல்வதுண்டு. மகனுக்குப் போட்டித் தேர்வு நூல் தயக்கமின்றி வாங்கப்படும். மகள் ஒரு நாவலைக் கையிலெடுத்தால் மட்டும், "இது நமக்கு ஆகுமா?" என்னும் கேள்வி எழும். அக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) அவர்கள் பெண்களுக்கென்றே உர்தூவில் 'பஹிஷ்தி ஜேவர்' என்னும் பெருநூலை இயற்றினார்கள். வடஇந்திய முஸ்லிம் இல்லங்களில் மணப்பெண்ணுக்கு அதனை அன்பளிப்பாக வழங்கும் வழக்கமே ஏற்பட்டது. பெண்கள் மார்க்கத்தைத் தாமே படித்தறிய வேண்டும் என்பதில் மௌலானாவுக்கு ஐயமிருக்கவில்லை. ஆனால் எதைப் படிப்பது? பயனுள்ள நூல்களின் பெயர்களையும், தவிர்க்க வேண்டிய நூல்களின் பெயர்களையும் அந்நூலிலேயே தந்தார்கள்.

தவிர்க்க வேண்டியவற்றுள் டிப்டி நஸீர் அஹ்மதின் கதைகளும் இடம்பெற்றன என்பதே வியப்பு. அவருடைய 'மிர்ஆத்துல் உரூஸ்' (1869) தம் பெண்மக்கள் படிப்பதற்கென ஒரு தந்தை எழுதிய கதை. அக்பரி, அஸ்கரி என்னும் இரு சகோதரியரின் இல்லறத்தைக் கூறுவது. அரசின் 1,000 ரூபாய் பரிசையும் பெற்றது. ஒரு தந்தை மகளுக்காகத் தேர்ந்ததை ஓர் ஆலிம் மற்றப் பெண்மக்களுக்கு வேண்டாம் என்றார். இருவர் நோக்கமும் நன்றே. பட்டியல் என்பது அதனை வகுப்பவரின் கவலையையும் சேர்த்தே சொல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் நிலைமை வேறு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்ற பெண்கள், அவ்வெழுத்திலேயே தமிழையும் வாசித்தனர். 'பெண்புத்தி மாலை' போன்ற அரபுத்தமிழ் நூல்கள் வீட்டுக்குள்ளேயே புழங்கின. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்ணும் எழுத்தறியாதவளாக இருக்கவில்லை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி என்பதை ஹதீஸ் கூறுகிறதன்றோ!

அக்கடற்கரையின் நாகூரில் 1917இல் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே. மற்றதெல்லாம் வீட்டிலிருந்தபடியே வாசித்து அடைந்த புலமை. 1938இல் அவருடைய 'காதலா? கடமையா?' நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 21. அதற்கு உ.வே. சாமிநாதையரே பாராட்டுரை வழங்கினார். ஒரு முஸ்லிம் பெண் கதை எழுதுவதா என்று முகம் சுளிக்கப்பட்ட காலம் அது. அதற்காக அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. பின்னரும் கதைகளும் கட்டுரைகளும் எழுதினார். 1998இல் மறைந்தார். நம் வீடுகளில் எத்தனை அலமாரிகளில் அவர் நூல் இருக்கிறது?

நெய்வேலிப் பெண்மக்களுக்கு இன்னொரு நூலையும் பரிந்துரைப்பேன். வங்கத்து ரொக்கையா சகாவத் ஹுசைன் பள்ளி சென்றவர் அல்லர். தமையன் மறைவில் கற்பித்த ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளியானது நம் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்தான். 1911இல் கல்கத்தாவில் பெண்கள் பள்ளியையும் அவர் நடத்தத் தொடங்கினார். கதையில் வரும் நாட்டை ஆள்வோர் பெண்கள்; அங்கே திரைக்குள் இருப்போர் ஆண்கள். அங்குள்ள சமையலறையில் புகையில்லை, நிலக்கரியும் இல்லை; வெயிலின் வெப்பத்திலேயே உணவு சமைக்கப்படுகிறது. சுரங்கத்து வேலையால் உலையேறும் நம் ஊரில் இதனைத் தாயும் மகளும் சேர்ந்து வாசித்தால், தந்தைமாருக்குக் கொஞ்சம் கேள்விகள் காத்திருக்கும்.