குன்றின் மேல் ஓர் ஆலயம்

ஞாயிறு திருப்பலிக்கு இடம் போதாமல் இறைமக்கள் வாயிலுக்கு வெளியே நிற்பது நம் பங்குகளுக்குப் புதிதன்று. ஒரு பந்தல் போட்டு நாம் சமாளித்துவிடுவோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அந்தோனியோ நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 28 மைல் தொலைவிலுள்ள பெர்னி என்னும் ஊரிலோ, இதே இடநெருக்கடி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அவ்வூரின் புனித பேதுரு ஆலயம் 1923ஆம் ஆண்டு எழுந்தது. ஸ்பானிய மறைபரப்பாளர் கட்டிய பழங்கோயில்களின் சாயலில் குன்றின் மேல் நிற்கும் அதில் ஏறத்தாழ 230 பேர் அமரலாம். பங்கு வளர வளர, சில ஞாயிறு திருப்பலிகளில் 40 முதல் 60 பேருக்கு இடமில்லாமற் போயிற்று. ஆலயத்தை விரிவாக்கப் பேராயர் பாட்ரிக் ஃபுளோரெஸ் இசைவளித்தார். அமெரிக்காவில் மெக்சிக வழியினருள் முதன்முதலாக ஆயர் நிலைக்கு உயர்ந்தவர் இவரே.

சில மாதங்களில் நகரமன்றம் ஒரு விதியை இயற்றியது. ஊரின் தொன்மையான பகுதியில் கட்டட வேலை செய்வோர் தொன்மைச் சின்ன ஆணையத்தின் முன்னிசைவைப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். பேராயர் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தார். ஆலயம் அப்பகுதிக்குள் இருப்பதைக் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது.

மறுத்தவர்களை மறைப்பகைவர் என்று கருதினால் தவறு செய்வோம். அவ்வாலயத்தின் அழகை விரும்பியதாலேயே அவர்கள் தடுத்தனர். ஆனால் அவர்கள் காக்க விரும்பியது வெளியே நின்று காணும் ஆலயத்தை. பங்கு மக்களுக்கு வேண்டியிருந்ததோ உள்ளே மண்டியிட ஓர் இடம்.

பேராயர் வழக்குத் தொடுத்தார். அவர் ஊன்றிய கோல், 1993இல் இயற்றப்பட்ட சமயச் சுதந்திர மீட்புச் சட்டம். அதன் பிறப்பே ஒரு தனிக்கதை. சமயச் சடங்கில் பெயோட்டி என்னும் மயக்கமூட்டும் கள்ளியை உட்கொண்டதால் வேலையிழந்த பூர்வகுடிச் சபையினர் இருவருக்கு, வேலையற்றோர் உதவித்தொகையை ஆரெகன் மாநிலம் மறுத்தது. எல்லார்க்கும் பொதுவான சட்டத்திலிருந்து சமயத்தின் பெயரால் விலக்குக் கோர இயலாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் கலங்கிய பல சமயத்தாரும் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்றதே அச்சட்டம். மேலவையில் எதிர்த்து வாக்களித்தோர் மூவரே.

1997 ஜூன் 25 அன்று, 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் நகரமே வென்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோனி கென்னடியும் கத்தோலிக்கரே. ஓர் உரிமையை நடைமுறைப்படுத்தப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவ்வுரிமையின் பொருள் இதுவென வரையறுக்க அதிகாரம் இல்லை என்றார் அவர். நீதிபதி ஸ்டீவன்ஸ் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: இக்கட்டடம் ஒரு நாத்திகரின் அருங்காட்சியகமாக இருந்திருந்தால் அவருக்கு இச்சலுகை கிட்டுமா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க என்னால் இயலவில்லை.

இழப்பு பெர்னியோடு நிற்கவில்லை. மாநிலங்களையும் நகரமன்றங்களையும் பொறுத்தவரை அச்சட்டமே செல்லாததாயிற்று. ஒரு பங்கின் கட்டட வழக்கு, சிறுபான்மைச் சமயத்தார் பலரின் கேடயத்தையும் உடன்கொண்டு போயிற்று. வழிபாட்டிடங்களின் நிலப் பயன்பாட்டைக் காக்கும் குறுகலான வேறொரு சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்த பிறகே ஓரளவு ஈடாயிற்று.

பெர்னியிலோ, உச்ச நீதிமன்றம் தராத தீர்வை ஊராரே கண்டனர். தீர்ப்புக்குப் பின் நகரமும் உயர்மறைமாவட்டமும் பேசி உடன்பாட்டுக்கு வந்தன. பழைய ஆலயத்தின் முகப்பும் பெரும்பகுதியும் அப்படியே விடப்பட்டன. இடம் போதாதிருந்த மக்களுக்கான புதிய ஆலயம் அதன் பின்புறம் எழுந்தது.