ஜஹாங்கீரின் இறுதி வேட்டை

காஷ்மீரத்துச் சினார் மரங்கள் சிவந்து இலை உதிர்க்கும் பருவம், முகலாயப் பேரரசர்கள் அப்பள்ளத்தாக்கிடம் விடைபெறும் பருவமுமாகும். பனி விழுந்து பீர் பஞ்சால் கணவாய் அடைபடுமுன் மலை கடந்து இலாகூர்ச் சமவெளியை அடைந்துவிட வேண்டும். 1627ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலும் பேரரசர் நூருத்தீன் ஜஹாங்கீர் அவ்வாறே புறப்பட்டார். ஆயின், அம்முறை அவர் நோயாளியாகப் புறப்பட்டார். நெடுநாளைய இரைப்பு நோய் முற்றியிருந்தது. உணவு செல்லவில்லை. நாற்பதாண்டுக் காலம் விடாது உண்டுவந்த அபினையும் வெறுத்துவிட்டார். குதிரையேறும் வலிமை போயிற்று. அந்நிலையிலும் ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. அதுதான் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் ஆசை.

வழியில் பைராம்கலா என்னும் மலைச்சிற்றூரில் நிகழ்ந்த அந்த வேட்டையே அவரது இறுதி வேட்டையாயிற்று. அதைப் பற்றியும், அதில் உயிரிழந்த ஓர் ஏழைக் காலாளைப் பற்றியும் நாம் இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம். முகலாயர் வரலாற்றைப் பெருமிதத்தோடு நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், அந்தக் காலாளின் கதையையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே நம் கருத்து.

கணக்கெழுதிய வேட்டைக்காரர்

அரசர்கள் வேட்டையாடுவது எந்நாட்டிலும் உண்டு. ஆனால் தாம் கொன்ற உயிர்களுக்கெல்லாம் கணக்கு வைத்து, அதைத் தம் நூலிலேயே பதிந்துவைத்த அரசர் ஜஹாங்கீரைப் போல் வேறொருவரைக் காண்பது அரிது. ‘துஸுகே ஜஹாங்கீரி’ எனப்படும் தம் நினைவுக் குறிப்பில், ஆட்சியின் பதினோராம் ஆண்டு முடிவில், அதாவது 1617ஆம் ஆண்டளவில், அவர் அக்கணக்கைத் தருகிறார். பன்னிரண்டாம் வயது முதல், சந்திர ஆண்டுக் கணக்கில் ஐம்பதாம் வயது வரை, அவர் முன்னிலையில் வீழ்த்தப்பட்ட விலங்குகளும் பறவைகளும் 28,532. அவற்றுள் அவர் தம் கையாலேயே கொன்றவை 17,167. இவற்றில் நாற்கால் உயிர்கள் 3,203, பறவைகள் 13,964. நீலப்பசு என்னும் பெரிய மானினம் மட்டும் 889. இரலை, புள்ளிமான், சிங்காரா, மலையாடு முதலியன சேர்ந்து 1,670.

அவர் கையிலிருந்த துப்பாக்கி இன்றைய ரைபிள் அன்று. குழலுக்குள் சுழல்வரி வெட்டி, குண்டைச் சுழலவிட்டு, நெடுந்தொலைவிலும் குறி பிசகாமல் செலுத்தும் கலை அன்று இந்நாட்டில் வழக்கில் இல்லை. நீண்ட இரும்புக் குழலில் மருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்து, புகையும் திரியால் தீயிட்டுச் சுடும் துப்பாக்கி அது. ஒருமுறை சுட்டால் மறுமுறை சுடுவதற்குள் மான் மறைந்துவிடும். ஆகவே அக்கால வேட்டை, சுடுபவர் ஒருவரின் திறமையால் மட்டும் முடிவதன்று. மானை வளைத்து, கலைத்து, குறிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும் ஆட்கள் பலர் வேண்டும். அரசர் நிழலில் அமர்ந்திருக்க, முள்ளிலும் பாறையிலும் ஓடியவர்கள் அவர்களே. 28,532 என்னும் கணக்கில் உயிரினம் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் உண்டு. காடு கலைத்தவர்களுக்கு அங்கே இடம் இல்லை.

மானுக்கு எழுந்த மினார்

இத்தனை உயிர்களைக் கொன்றவர் நெஞ்சில் ஈரமே இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடலாகாது. அவரது குணம் அத்துணை எளிதில் அளந்துவிடக் கூடியதன்று.

இலாகூருக்கு அண்மையில், இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த ஷேக்குபுராவில், ‘ஹிரன் மினார்’ என்னும் கோபுரம் நிற்கிறது. ‘மான் கோபுரம்’ என்பது அதன் பொருள். மன்ஸ்ராஜ் என்னும் வளர்ப்பு மானின் நினைவாக எழுப்பப்பட்டது அது. காட்டு மான்களைப் பிடிக்கப் பழக்கப்பட்டிருந்த அந்த மான் இறந்தபோது, அதன் அடக்கத் தலத்தில் மான் வடிவில் கல் செதுக்கி வைக்கவும், எழுத்துக்கலை வல்லுநர் முல்லா முஹம்மது ஹுஸைன் காஷ்மீரியின் வாசகத்தைப் பொறிக்கவும் 1607ஆம் ஆண்டில் அரசர் கட்டளையிட்டார். அச்சமவெளியின் மான்களை எவரும் வேட்டையாடக் கூடாதென்றும், அவற்றின் இறைச்சி இந்துக்களுக்குப் பசுவின் இறைச்சி போலவும் முஸ்லிம்களுக்குப் பன்றியின் இறைச்சி போலவும் விலக்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டுமென்றும் ஆணை பிறந்தது.

வேட்டையைத் துறக்கும் நேர்ச்சை அக்குடும்பத்துக்குப் புதிதன்று. ஜஹாங்கீர் தாயின் வயிற்றில் இருந்தபோது ஒருநாள் கருவில் அசைவில்லை என்று அந்தப்புரப் பெண்கள் அஞ்சினர். அன்று வெள்ளிக்கிழமை. சிறுத்தைகளைக் கொண்டு வேட்டையாடிக்கொண்டிருந்த அக்பர் செய்தி கேட்டுப் பதறினார். இப்பிள்ளை பிழைத்தால் இனி வெள்ளிக்கிழமைகளில் சிறுத்தை வேட்டை ஆடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். வாழ்நாள் முழுதும் அவர் அதைக் காத்தார்; மகனும் அதைப் பின்பற்றினார். 1578ஆம் ஆண்டில் ஜேலம் நதிக்கரையில் உள்ள பேரா என்னும் ஊருக்கருகே, விலங்குகளை வளைத்து முடித்திருந்த பெருவேட்டையொன்றை அக்பர் திடீரென நிறுத்தி, வளைக்கப்பட்டவற்றையெல்லாம் விடுவித்ததும் வரலாறு.

ஜஹாங்கீரும் தமக்கு ஐம்பது வயது கடந்தபின் துப்பாக்கியால் எவ்வுயிரையும் தம் கைப்படக் கொல்வதில்லை என்று முன்னரே எண்ணியிருந்தார். 1618இல் அன்புப் பேரன் ஷா ஷுஜா வலிப்பு கண்டு துடித்தபோது, அந்த எண்ணத்தை அப்போதே நிறைவேற்றுவதாக நேர்ந்தார். குழந்தை பிழைத்தது, சில ஆண்டுகள் துப்பாக்கி உறங்கிற்று. பின்பு நடந்தது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. 1622இல் ஷுஜாவின் தந்தை ஷாஜஹான் கலகக்கொடி உயர்த்தினார். மகன்மேல் கொண்ட சினத்தால், அம்மகனுடைய பிள்ளைக்காகச் செய்த நேர்ச்சையைப் பேரரசர் முறித்தார். மீண்டும் துப்பாக்கியை எடுத்தது மட்டுமன்றி, அரண்மனையில் எவரும் துப்பாக்கியின்றி இருக்கலாகாது என்றும் ஆணையிட்டார். இறைவனிடம் செய்த வாக்கு, மனிதர்மேல் கொண்ட கோபத்தால் முறிந்தது!

நீதிச் சங்கிலியும் குதிரைக்காரனும்

ஜஹாங்கீர் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது அவரது நீதிச் சங்கிலியாகும். 1605இல் அரியணை ஏறியதும் அவர் இட்ட முதற்கட்டளை அது. முப்பது கஜ நீளமும் அறுபது மணிகளும் உடைய தங்கச் சங்கிலியின் ஒரு முனை ஆக்ரா கோட்டையிலும், மறுமுனை ஆற்றங்கரைக் கல்தூணிலும் கட்டப்பட்டது. அநீதி இழைக்கப்பட்ட எவரும் அதை இழுத்து அரசரை எழுப்பலாம். அவர் பிறப்பித்த பன்னிரு கட்டளைகளில், குற்றவாளியின் மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குத் தடை விதித்ததும் ஒன்று; வாரத்தில் வியாழன், ஞாயிறு ஆகிய இரு நாட்கள் உயிர்களை அறுக்கக் கூடாது என்றதும் ஒன்று.

இவையெல்லாம் உண்மை. ஆனால் அதே நூலில், அதே கையால் எழுதப்பட்ட இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1610ஆம் ஆண்டு வேட்டைக்களத்தில் ஒரு நீலப்பசு குண்டு எட்டும் தொலைவில் வந்து நின்றது. அரசர் குறி பார்த்தார். அவ்வேளையில் ஒரு குதிரைக்காரனும் பல்லக்குத் தூக்குவோர் இருவரும் எதிரே தென்பட, விலங்கு மருண்டு ஓடிவிட்டது. சினம் தலைக்கேறிய அரசர், குதிரைக்காரனை அங்கேயே கொல்லச் சொன்னார். மற்ற இருவரின் குதிகால் நரம்புகளை அறுத்து, கழுதைமேல் ஏற்றிப் பாசறையைச் சுற்றிவரச் செய்தார். பிறகு குதிரையேறி, பருந்துகளோடும் இராசாளிகளோடும் வேட்டையைத் தொடர்ந்தார்.

இச்செய்தியை எழுதியவர் பகைவர் அல்லர்; ஐரோப்பியப் பயணியும் அல்லர். அரசரே எழுதினார். வருத்தமோ நாணமோ அவ்வரிகளில் இல்லை. மூக்கையும் காதையும் அறுக்கலாகாது என்று ஆணையிட்டவர் கால் நரம்பை அறுக்கச் சொன்னார்! ஓர் உயிரை நியாயமின்றிக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்னும் திருமறையின் போதனையை அவரும் ஓதியவர்தாம். ஆக்ராவில் சங்கிலி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், சங்கிலியை இழுக்கக் கை வேண்டும். கைக்கு உயிர் வேண்டும். அந்தக் குதிரைக்காரனுக்கு அது மறுக்கப்பட்டது.

பைராம்கலாவில் நிகழ்ந்தது

இனி 1627க்குத் திரும்புவோம். நோயினால் நலிந்த ஜஹாங்கீர், தம் ஆட்சியின் பதினேழாம் ஆண்டிலேயே நூலெழுதும் பணியை முஃதமித் கானிடம் ஒப்படைத்துவிட்டார். அரசரின் இறுதி நாட்களை நமக்குச் சொல்வது அந்த முஃதமித் கான் எழுதிய ‘இக்பால் நாமா’ என்னும் நூல்.

பைராம்கலாவில் ஓங்கிய ஒரு மலை. அதன் அடிவாரத்தில், அமர்ந்து சுடுவதற்கென மேடைகள் அமைக்கப்பட்டிருந்தன. அவ்வட்டாரத்து நிலக்கிழார்களின் ஆட்கள் மான்களை மலையுச்சிக்கு விரட்டிக் கொண்டுவருவர். மான் கண்ணுக்குத் தெரிந்ததும் அரசர் கீழிருந்து சுடுவார். குண்டு பட்ட மான் உச்சியிலிருந்து உருண்டு தரையில் விழும். நடக்கவும் இயலாத நோயாளிக்கு ஏற்ற வேட்டை அது.

அப்போது ஒரு மான் பாறை முனையொன்றில் வந்து நின்றது. கீழிருந்து நன்றாகத் தெரியவில்லை. அதை விரட்டிக் குறிக்கு நேரே கொண்டுவர, அவ்வூர்க் காலாள் ஒருவன் முன்னேறினான். கால் வைத்த இடத்தில் பிடிப்பு இல்லை. எதிரே ஒரு செடி இருந்தது, அதைப் பற்றினான். செடி வேரோடு பெயர்ந்தது. அவன் மலையிலிருந்து வீழ்ந்து, எலும்புகள் நொறுங்கி உயிர் துறந்தான்.

மான் விழ வேண்டிய இடத்தில் மனிதன் விழுந்தான். அரசர் அதைக் கண்ணால் கண்டார். உடனே வேட்டையை விட்டுக் கூடாரத்துக்குத் திரும்பினார். இறந்தவனின் தாய் அழுது அரற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பணம் கொடுத்துத் தேற்றினார். ஆனால் அவர் மனம் தேறவில்லை. மலக்குல் மவ்த்தே அந்தக் கோலத்தில் அரசர் கண்முன் தோன்றியது போலாயிற்று என்னும் கருத்துப்பட முஃதமித் கான் எழுதுகிறார்.

அதன்பின் அவருக்கு அமைதியில்லை. பைராம்கலாவிலிருந்து தானா, அங்கிருந்து ரஜௌரி எனப் பயணம் தொடர்ந்தது. ரஜௌரியிலிருந்து புறப்பட்ட மாலையில், வழியில் மதுக் கிண்ணம் கேட்டார். உதட்டில் வைத்தும் விழுங்க முடியவில்லை. பாசறை சேர்ந்தபோது நிலைமை முற்றிவிட்டது. மறுநாள் ஞாயிறு காலை, ஹிஜ்ரி 1037 சஃபர் 28இல், அவர் காலமானார். அன்று வழங்கிய பழைய ஐரோப்பிய நாட்காட்டிப்படி 1627 அக்டோபர் 28. இன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 7. அவரது உடல் இலாகூருக்கு அருகே ஷாதராவில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் அறிய வேண்டுவது

ஒரு காலாளின் சாவு ஒரு பேரரசரைக் கொன்றது என்று கதை சொல்வது எளிது; நாம் அவ்வாறு சொல்லவில்லை. பல்லாண்டு மதுவும் அபினும் தின்ற உடல், இரைப்பால் முன்னரே தளர்ந்திருந்தது. அவரது கலக்கத்தில் தம் சாவைப் பற்றிய அச்சம் கலந்திருந்தது என்றும் வாதிக்கலாம். கலந்திருக்கட்டும். தன் மரணத்தின் நிழல் படும்போதுதானே மனிதன் பிறர் மரணத்தின் கனத்தை உணர்கிறான்!

நாம் கருத வேண்டுவது இரு வேட்டைகளுக்கும் இடையேயுள்ள பதினேழு ஆண்டு இடைவெளியை. 1610இல் ஒரு விலங்கு தப்பியதற்காக ஒரு பணியாளனைக் கொன்றுவிட்டு வேட்டையைத் தொடர்ந்தவர், 1627இல் ஒரு பணியாளன் தவறி விழுந்ததற்காக வேட்டையை நிறுத்தினார். முதலாமவனைக் கொன்றது அரசரின் ஆணை. இரண்டாமவனைக் கொன்றது அரசரின் பொழுதுபோக்கு. முதலாவது சாவில் அவர் காணாத மனிதனை இரண்டாவது சாவில் கண்டார். காண்பதற்கு ஒரு தாய் வந்து எதிரே நின்று அழ வேண்டியிருந்தது.

மன்ஸ்ராஜ் என்ற மானின் பெயரை நாம் அறிவோம். அதற்கு மினார் இருக்கிறது. குதிரைக்காரனின் பெயரை அரசர் எழுதவில்லை. காலாளின் பெயரை முஃதமித் கானும் எழுதவில்லை. நீதிச் சங்கிலியின் கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்வோம், சொல்லத்தக்கதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அது புகழ்மாலையாகுமே தவிர வரலாறாகாது. அந்த அறுபது மணிகளின் ஓசையோடு, பைராம்கலா மலையடியில் கேட்ட அந்தத் தாயின் அழுகையையும் சேர்த்துச் சொல்வோமாக.