மாரடைப்பும் குருதிச் சர்க்கரையும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சந்தாபுராவைக் கடந்ததும் பொம்மசந்திரா வருகிறது. தொழிற்சாலைகள் மலிந்த இவ்வூரில் நம்மவர் பலர் உழைத்து வாழ்கின்றனர். இங்கேதான் 2000-ஆம் ஆண்டில் மருத்துவர் தேவி ஷெட்டி நாராயண இருதயாலயத்தை நிறுவினார். மாரடைப்புற்றவரைத் தாங்கி இத்தகைய மருத்துவமனைக்கு விரைந்து வரும் உறவினரிடம், "குருதியில் சர்க்கரை மிகுந்திருக்கிறது" என்று மருத்துவர் கூறுவதுண்டு. "அவருக்கு நீரிழிவே கிடையாதே!" என்பர் உறவினர். இருவர் கூற்றும் மெய்யாக இருக்கக்கூடும்.

இப்புதிருக்கு நீண்ட வரலாறு உண்டு. குருதி இழந்து அதிர்ச்சியுற்ற உயிரினத்தில் சர்க்கரை உயர்வதைப் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார். இன்னல் நேர்ந்ததும் உடல் அட்ரினலின் முதலிய சுரப்புகளைப் பெருக்குகிறது. கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையைக் குருதியில் கொட்டுகிறது. இன்சுலினின் ஆற்றலோ குன்றிவிடுகிறது. இதனை 'அதிர்ச்சிச் சர்க்கரை' எனலாம். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு, நம் பழஞ்சொல்லாகிய 'நீரிழிவு' இவ்விடத்தில் பொருந்துவதாகப் படவில்லை. அச்சொல் சிறுநீரை நோக்குகிறது. இங்கே ஆபத்து குருதியில் இருக்கிறது.

1921-இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. சென்னையில் மருத்துவர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். ஆயினும், நீரிழிவு இல்லாதவருக்கும் மாரடைப்பின்போது உயரும் சர்க்கரை கேடு பயக்குமா என்னும் வினாவுக்குத் தெளிவு பிறக்க 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து அவ்வாண்டு வெளியான கட்டுரை, நீரிழிவு இல்லாதவருள் சர்க்கரை உயர்ந்திருந்தோர் மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது.

அப்படியானால் இன்சுலின் செலுத்திச் சர்க்கரையைக் குறைத்தால் உயிர் பிழைக்குமன்றோ? சுவீடனில் 620 நோயாளரிடம் நடந்த ஆய்வு 1995-இல் அந்த நம்பிக்கையை ஊட்டியது. ஓராண்டில் வழக்கமான சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 26 பேரும், இன்சுலின் பெற்றோருள் 19 பேரும் இறந்தனர். மருத்துவ உலகம் மகிழ்ந்தது, மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பத்தாண்டு கழித்து அதே குழுவினர் விரிவாக நடத்திய இரண்டாம் ஆய்வில் அந்நன்மை தென்படவில்லை. அதே 2005-இல், இந்தியாவும் பங்குகொண்ட மாபெரும் ஆய்வில், 20,201 நோயாளருள் சரிபாதியினருக்குக் குளுக்கோசும் இன்சுலினும் பொட்டாசியமும் கலந்து ஏற்றப்பட்டன. முப்பது நாளில் நேர்ந்த இறப்பு இரு சாராரிடத்தும் நூற்றுக்குப் பத்தளவே. மேலும் 2009-இல், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,104 பேரிடம் நடந்த ஆய்வில், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியோரிடையே இறப்பு கூடவே செய்தது. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வதும் இருதயத்துக்குப் பகையே. ஆகவே, 180 மில்லிகிராமுக்கு மேல் நீடித்தால் மட்டும் மெல்லக் குறைப்பது இன்று பெருவழக்கு.

சர்க்கரை பெரும்பாலும் நெருப்பன்று, புகையே என்பது என் கருத்து. ஆயினும் புகையும் கண்ணைக் கெடுக்கும். அடைபட்ட நாளத்தைத் திறந்த பின்னரும் நுண்குழாய்களில் குருதி செவ்வனே பாயாமல் அது தடுக்கக்கூடும்.

நெருப்பை அணைப்பதோ, நாளத்தை விரைவில் திறப்பதாகும். பெங்களூர்ப் புனித ஜான் மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் முன்னின்று, நாட்டின் 50 நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரைப் பதிவு செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையை அடைய நோயாளர் எடுத்துக்கொண்ட நேரத்தின் நடுவளவு ஆறு மணி. அவருள் நூற்றுக்கு முப்பதின்மர் நீரிழிவுடையோர். நீரிழிவு நெடுநாள் நீடித்தால் நரம்புகள் மழுங்கும். மார்பு வலியே தோன்றாமல், வியர்வையும் மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டுமே மாரடைப்பை அறிவிக்கக் கூடும். இவற்றை அசீரணம் எனக் கருதிச் சோடா அருந்திக் காத்திருப்போர் நம்மில் எத்தனை பேர்!

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. பழைய நீரிழிவையும் அதிர்ச்சிச் சர்க்கரையையும் பிரித்தறிய அது பெரிதும் உதவும். பிழைத்து வீடு திரும்பியவர் சில வாரங்கள் கழித்துச் சர்க்கரையை மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்; மறைந்திருந்த நீரிழிவு முதன்முதல் வெளிப்படுவது பலருக்கு அப்போதுதான்.