இமையும் நாசியும்: மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

உயிர்களை அறிவின் படிமுறையால் வகுத்துரைத்த தொல்காப்பியர், மூக்கினால் அறியும் அறிவை மூன்றாவதாகவும் கண்ணினால் அறியும் அறிவை நான்காவதாகவும் வைத்தார். அம்முறைப்படி நோக்கின் மணவுணர்வு கண்ணுணர்வினும் முந்தியது. மருத்துவ வரலாற்றைப் புரட்டுவோர்க்கோ இம்முறை தலைமாறித் தோன்றும். கண்ணுக்குக் காவலாகிய இமையைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே நூல்வழி அறியப்பட்டுள்ளது. மணமறியும் ஆற்றல் குன்றினோரை முறையாகப் பரிசோதிக்கும் வழி நேற்றுத்தான் பிறந்தது எனலாம். ஒரே முகத்தில் அருகருகே அமைந்த ஈருறுப்புக்களின் வரலாறு இவ்வாறு வேறுபட்டது எதனால்? இவ்வினாவுக்கு விடை காண்பதும், அவ்விடை மலையக மக்களுக்கு யாது பயன் தரும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுசுருதர் கண்ட முறை

சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் கண்ணோய்களை 76 என வகுத்து, அவற்றுள் 21 இமையைப் பற்றியன என்கின்றது. தமிழ்ச் சித்த மருத்துவ மரபும் கண்ணோய்களை 96 என விரித்துரைக்கும். இமைமயிர் உட்புறமாகத் திரும்பி விழியை இடையறாது உராயும் நோய்க்குச் சுசுருதர் கூறும் சிகிச்சை வியக்கத்தக்கது. புருவத்துக்கும் இமைவிளிம்புக்கும் இடையே யவதானியத்தின் வடிவில் தோலை அரிந்தெடுத்து, வெட்டுவாயை மயிரினால் தைத்து, நெற்றியிலே கட்டிய துணிப்பட்டையோடு அத்தையலைப் பிணைத்துவிட வேண்டும். தோல் சுருங்கியதும் இமைவிளிம்பு வெளிநோக்கித் திரும்பும்; உராய்வு நீங்கும். மிகையான தோலை நீக்கி இமையைச் சீர்செய்தல் என்னும் இக்கருத்து இன்றைய இமைச் சத்திரசிகிச்சையிலும் நின்று நிலவுகின்றது.

நாசியையும் அவர் விட்டாரல்லர். அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுத்து, அவ்வளவினதாகக் கன்னத்துத் தோலை ஒருபுறம் ஒட்டியிருக்க உரித்து, மூக்கின்மேற் பொருத்தி, மூச்சு விடுதற்கு ஆமணக்கந்தண்டின் குழல் இரண்டினை உள்ளே வைக்குமாறு விதித்தார். நாசி நோய்கள் 31 எனக் கணக்கிட்டவர், மூக்கடைத்து மணமும் சுவையும் அறியாதிருக்கும் நிலையையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார். அந்நிலையை அவர் அறிந்திருந்தார். ஆயினும் இமையைத் திருத்தியது போல அதனைக் கத்தியால் திருத்துதல் இயலவில்லை.

இக்கலை நாட்டு வைத்தியர் கையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. மைசூர்ப் போரிலே மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்னும் வண்டிக்காரருக்குப் புனாவில் நெற்றித்தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794-இல் இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதனைக் கற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் அம்முறையைத் தம் நாட்டிற் செய்து காட்டி, 1816-இல் நூலாக வெளியிட்டார். 1818-இல் பெர்லின் நகரத்துக் கிராஃபே மூக்கமைப்புப் பற்றி நூலெழுதியதோடு, இமையைச் செப்பனிடும் சத்திரசிகிச்சைக்குப் 'பிளெபரோபிளாஸ்டி' என்னும் பெயரையும் வழங்கினார். இவ்வாறு இமையும் மூக்கும் ஒருங்கே புதிய ஐரோப்பியச் சத்திரசிகிச்சையிற் புகுந்தன. எனினும் இவ்வறுவைகள் நாடியவை முகத்தின் வடிவமும் மூச்சின் வழியுமே. மணமறியும் மெல்லிய படலமோ நாசியின் உச்சியிலே, மூளைக்கு மிக அணித்தாய், எலும்புக் கூரையின் கீழே மறைந்து கிடப்பது. புறத்தே ஒட்டிய தோல் அதனைத் தீண்டுவதில்லை.

தஞ்சையிலே எழுதிய ஏடுகள்

கைத்திறன் ஒன்று, ஆராய்ச்சி மற்றொன்று. ஒரு நோயாளியின் நிலையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எழுதி வைத்து, எழுதியவற்றை ஒப்பிட்டு நோக்கும்பொழுதே ஆராய்ச்சி தொடங்குகின்றது. தமிழகத்திலே இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையின் மன்னராயிருந்த இரண்டாம் சரபோசி, ஆட்சியதிகாரம் ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர்த் தம் ஆற்றலைக் கல்வியிற் செலுத்தினார். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அமைத்தார். அவர்காலத்துக் கண்ணோயாளரைப் பற்றிய குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. நோயின் தன்மை, அளித்த சிகிச்சை ஆகியவற்றோடு நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் அவற்றிலே காணப்படுகின்றன. ஒளிப்படக் கலை பரவுமுன்னரே ஓவியன் தூரிகையைக் கொண்டு நோயைப் பதிவு செய்த அம்முயற்சி போற்றுதற்குரியது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. கண்ணையும் இமையையும் ஓவியன் வரைந்துவிடலாம். மணமின்மையை எவ்வோவியன் வரைவான்? இமையின் குறையை மருத்துவர் தம் கண்ணாற் காண்பர். மணவுணர்வின் குறை நோயாளியின் வாய்ச்சொல்லால் அன்றி வெளிப்படாது. நாம் எழுப்பிய வினாவின் விடை இதுவே. கண்ணுக்குத் தெரிந்த குறை முன்னரே தீர்க்கப்பட்டது; சொல்லுக்காகக் காத்திருந்த குறை பிந்தியது. ஆதலின் மணவுணர்வின் மருத்துவத்திற்குக் கத்தியினும் மொழி இன்றியமையாதது.

மானிப்பாயும் மலைநாடும்

மருத்துவத்திற்குத் தமிழ்மொழியை ஆயத்தம் செய்த பெருமை யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு உரியது. 1847-இல் அமெரிக்காவிலிருந்து ஈழம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டு, நூல்களைத் தமிழாக்கியும் மாணவரைக்கொண்டு தமிழாக்குவித்தும் வெளியிட்டார். துறூவிற்றின் சத்திரசிகிச்சை நூல் 'இரணவைத்தியம்' என 1867-இல் வெளிவந்தது. கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872-இல் வெளிவந்தது. கலைச்சொல் இல்லாவிடத்துத் தமிழிலும் வடமொழியிலும் தேடி, கிடையாதவிடத்து மட்டுமே ஆங்கிலச் சொல்லை அவர் தழுவினார்.

இவ்வாண்டுகளை மலைநாட்டு வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குக. 'இரணவைத்தியம்' வெளிவந்த அதே 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். அங்காதிபாதம் வெளிவந்த 1872-இலேயே கோப்பித் தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ உதவி அளிப்பதற்கான சட்டமும் இயற்றப்பட்டது. வடக்கே தமிழில் மருத்துவம் எழுதப்பட்டது. மலையிலே தமிழர் நோயுற்றனர். இரண்டும் ஒரே காலத்தன. ஆயினும் அவை ஒன்றையொன்று கண்டு கைகோத்தில. கிறீன் 1873-இல் தாயகம் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நிலைபெறவில்லை. தோட்டத்து நோயாளி தமிழிற் சொன்னது ஆங்கிலத்திற் சுருங்கி ஏட்டில் ஏறியது.

மணத்தை அளந்தோர்

மணவுணர்வை அளக்கும் கருவியொன்றை ஒல்லாந்து நாட்டுச் சுவார்தமாக்கர் 1888-இல் அமைத்தார். அது ஆய்வுகூடத்தை விட்டுப் பெரிதும் வெளிவரவில்லை. 1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து இரிச்சர்டு டொற்றி, சுரண்டினால் மணம் வீசும் 40 தாள்களாலான சோதனையை வெளியிட்டார். ஒவ்வொரு மணத்துக்கும் நான்கு பெயர்கள் தரப்படும். நோயாளி ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். 1991-இல் இலிண்டா பக், இரிச்சர்டு அக்செல் இருவரும் மணத்தை ஏற்கும் புரதங்களின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்து, அதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். 2020-இல் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்று, மணமிழத்தலை வீட்டுக்கு வீடு பேசும் பொருளாக்கிற்று. தடிமன், மூக்கினுள் வளரும் சதை, தலையிற் படும் அடி முதலியனவும் அவ்வாற்றலைக் கெடுப்பன என்பது முன்பே அறிந்தது.

ஆனால் இச்சோதனைகளில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மணத்தை அறிந்தாலும் அதன் பெயரை அறியாதார் தவறுவர். மேனாட்டுக் கனிகளின் மணத்தை என்றும் நுகர்ந்தறியாத தோட்டத்துத் தாயொருத்தி, நல்ல நாசியுடையவளாயினும் சோதனையில் தோற்பாள். ஆதலின் பல நாட்டினரும் தத்தம் மக்களுக்குப் பழகிய மணங்களைக் கொண்டு அதனை மாற்றியமைத்துள்ளனர். மலையகத்திற்கு வேண்டுவன கறிவேப்பிலை, பெருங்காயம், மல்லி, சூடம், மல்லிகை போன்றனவாம்.

சொல்லும் அளந்து வழங்கப்பட வேண்டும். 'நாற்றம்' என்னும் சொல் பண்டு நறுமணத்தையும் குறித்தது. இன்று தீய மணத்துக்கே உரியதாயிற்று. "நாற்றம் தெரிகிறதா?" என்று வினவினால் நோயாளி கெட்ட மணத்தை மட்டும் எண்ணி விடையிறுப்பார். மணமிழந்தவர் பலர் "வாய்க்குச் சப்பென்றிருக்கிறது" என்றே முறையிடுவர். உணவின் சுவையெனக் கருதுவதில் பெரும்பங்கு மணமாதலின், நாவில் நோயில்லாதிருக்கவும் நாவையே குறைகூறுவர். தமிழறியாத மருத்துவரிடம் இவ்வுரை வயிற்றுக் கோளாறாக முடியவுங்கூடும்.

அட்டனிலும் நுவரெலியாவிலும் இதனைச் சிறிய குறை என ஒதுக்கலாகாது. மலைநாட்டின் பெருஞ்செல்வம் மணத்தால் மதிக்கப்படுவது. அரைத்த கொழுந்து பச்சை மணம் மாறிப் பக்குவ மணம் எய்தும் பொழுதினைத் தொழிற்சாலையிலே கைதேர்ந்தவர் மூக்கினால் அறிவர். சுவைப்பார் அம்மணத்தை வைத்தே விலை மதிப்பர். அத்தகையோர் மணவாற்றலை இழப்பின் தொழிலையே இழந்தவராவர். லயத்து அடுப்பிலே தீய்வதையும், வைத்த உணவு கெட்டதையும் அறியாத குடும்பத்தலைவியின் இடரும் அதனிற் குறைந்ததன்று. இமை வீங்கினால் அயலார் கண்டு வைத்தியசாலைக்கு அனுப்புவர். மணம் போனால் அயலார் அறியார்.

கல்லூரியிலிருந்து மருத்துவம் பயிலச் செல்லும் இளைஞர் இதனை நெஞ்சிற் கொள்வாராக. சுசுருதர் கையையும், சரபோசி ஏட்டையும், கிறீன் சொல்லையும் நமக்கு விட்டுச் சென்றனர். மலையகத் தமிழர்க்குரிய மணச்சோதனை ஒன்றை அவர்தம் வழக்குச் சொல்லிலே வகுத்து, நோயாளியைத் தமிழில் வினவி, அவர் சொன்னதைத் தமிழிலேயே எழுதி வைத்தல் இம்மூன்றையும் ஒருங்கிணைக்கும் பணியாகும். அதற்குப் பெரும் பொருள் வேண்டா. பொறுமையோடு கேட்கும் செவி வேண்டும்.