நடுவில் இருக்கும் இருபது அடி



போன மாதம் அக்கா மகனுக்குக் கேமரா வைத்த மாத்திரை ஒன்றை விழுங்கக் கொடுத்தார்கள். அதிலிருந்து 1994இல் காலமான என் மாமாவின் நினைப்பாகவே இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர், ஆம்பூரில் ஒரு டேனரியில் உப்புத்தோல் சுமந்தவர்.

மாமாவுக்கு அடிக்கடி மலம் தார் போலக் கறுக்கும், முகம் வெளுத்துப்போகும். மூலம் என்று முதலில் நாட்டு வைத்தியம். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையையும், கீழ்வழியே பெருங்குடலையும் பார்த்தார்கள். இரண்டும் சுத்தம். ரத்தம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை இதே கதை. நடுவில் சுமார் இருபது அடி சிறுகுடல் சுருண்டு கிடக்கிறதே, அதன் பெரும்பகுதிக்கு அந்த இரண்டு குழாய்களும் எட்டாது.

அந்த இருபது அடியில் ரத்தம் குடித்த பழைய எதிரி கொக்கிப்புழு. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் தோல் வழியே ஏறும். 1920களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் அதற்கென்றே இயக்கம் நடத்தியது. அதைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் போதும், மலத்தில் முட்டை தெரியும். 1957இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் கிராஸ்பி, விழுங்கினால் குடலின் உட்சுவரில் துளி சதை கிள்ளி வரும் கருவி ஒன்றைச் செய்தார். 1960களில் நம் வேலூர் சி.எம்.சி.யில் பேக்கர், மாத்தன் போன்றவர்கள் ஸ்ப்ரூ என்ற பேதி நோய்க்காகச் சிறுகுடல் சதையை எடுத்து ஆராய்ந்தார்கள். உலகமே படித்த ஆய்வு அது. ஆனால் ரத்தம் எங்கே கசிகிறது என்று பார்க்கக் கண் வேண்டுமே! மாமா காலத்தில் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். சின்னப் புண் அதில் தெரியாது. மிஞ்சினால் வயிற்றைத் திறக்க வேண்டும்.

அந்தக் கண்ணைக் கொடுத்தவர் இஸ்ரேலில் ஏவுகணைப் பொறியாளராக இருந்த கவ்ரியேல் இட்டான். 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நொடிக்கு இரண்டு படம் என்று எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்கும். காசநோயால் குடல் குறுகியிருந்தால் மாத்திரை சிக்கிக்கொள்ளும் என்பதால் எங்களுக்கு முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். அதே காலத்தில் ஜப்பானின் யமமோட்டோ இரண்டு பலூன் வைத்த குழாயைக் கொண்டுவந்தார். பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது துணி சுருங்குமே, அப்படிக் குடலைச் சுருக்கிக்கொண்டே உள்ளே போகும்.

பையனின் படத்தில் சிறுகுடலில் நான்கைந்து புண்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" முட்டி வலிக்கு இரண்டு வருஷமாகப் போடுகிறானாம். நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மாமாவும் இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டார். வேலை முடிந்து வரும்போது கடையில் நான்தான் பல நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.