கால்நடை ஆய்வாளர்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையில் மருத்துவருக்குத் துணைநிற்கும் தொழில்நுட்பப் பணியாளர். சேலம், நாமக்கல் சமவெளிச் சிற்றூர்களின் கால்நடைக் கிளை நிலையங்களில் கறவை மாடு, மேச்சேரிச் செம்மறி, புறக்கடைக் கோழிகளுக்கு முதலுதவி, குடற்புழு நீக்கம், கோமாரி மற்றும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிப் பணிகளைச் செய்பவர்.

சினை ஊசியே முதன்மைப் பணி. −196 பாகை செல்சியஸ் திரவ நைட்ரஜனில் உள்ள உறைவிந்துக் குச்சியை 37 பாகை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் உருக்கி, மலக்குடல் வழியே கருப்பைக் கழுத்தை ஒரு கையால் பிடித்தபடி, மறுகையால் செலுத்துவார். காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு மாலையில் ஊசி; தருணம் தவறினால் அடுத்த பருவத்துக்கு ஏறத்தாழ 21 நாள் ஆகும். பால் வருவாயை நம்பிய குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் (1984), பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு கால்நடை மருத்துவச் சேவைகளுக்கு மட்டுமே இவர்களை அனுமதிக்கிறது.