யானைக்கு எந்தத் துப்பாக்கி?

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்களிடம் 'எந்தத் துப்பாக்கி நல்லது?' என்று கேட்டிருந்தால், 'இருப்பதிலேயே பெரிசு!' என்றிருப்பார்கள். '.600 நைட்ரோ எக்ஸ்பிரஸ்' என்று ஒரு ராட்சதத் துப்பாக்கி. அதன் குண்டு ஒன்றே 58 கிராம்! சுட்டால், சுடுபவரின் தோளில் விழும் உதை கொஞ்சநஞ்சமல்ல!

ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல் வேறு மாதிரி யோசித்தார். செத்த யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் நெடுக்காக அறுத்து, மூளை சரியாக எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பிறகு, மான் வேட்டைக்கு ஏற்றதாகக் கருதப்பட்ட '.275 ரிக்பி'யோடு உகாண்டாவின் கரமோஜாவுக்குள் நுழைந்தார். குண்டு வெறும் 11 கிராம்தான். ஆனால் நீளமானது, முழுக்க உலோக உறை போட்டது. எலும்பைத் துளைத்து நேராகப் போகும். உதையும் குறைவு, குறி தப்பாது!

விளைவு? தந்தத்துக்காக அவர் கொன்ற யானைகள் ஆயிரத்துக்கும் மேல்! பெரும்பாலானவை இந்தச் சின்னத் துப்பாக்கிக்குத்தான் பலியாயின.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ளலாமா? குறி கொஞ்சம் தப்பினாலும் அடிபட்ட யானை சும்மா விடாது. பிற்பாடு பல ஆப்பிரிக்க நாடுகள், '.375-க்குக் குறைந்த துப்பாக்கியோடு யானை வேட்டை கூடாது' என்று சட்டமே போட்டன. பெல்லுக்கோ அது தேவைப்படவில்லை. அறுத்த மண்டையோட்டில் அவர் படித்த பாடத்துக்கு ஆயிரம் யானைகள் விலை கொடுத்தன!